பெரிய வெள்ளியன்று பேசாதவர்

கணவர் பதில் சொல்லவில்லையே என்று அன்று மதியம் பெர்னதெத் கொஞ்சமும் கவலைப்படவில்லை. பெரிய வெள்ளிக்கிழமையில் ரெமிஜியஸ் யாரோடும் பேசமாட்டார். வியாழக்கிழமை இரவுப் பூசை முடிந்து கோயில் படி இறங்கும்போது மூடுகிற வாயை, மறுநாள் மூன்று மணி வழிபாட்டில் சிலுவையை உதடு வைத்து முத்தி செய்த பிறகுதான் திறப்பார். மகள் அன்னா ஏழாம் மாதத்திலேயே பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் கையகலத்துக்குக் கிடந்தபோது அவர் நேர்ந்துகொண்ட நேர்ச்சை அது. பிள்ளை பிழைத்தாள். படித்தாள், வேலைக்குப் போனாள், கட்டிக்கொண்டு வைட்ஃபீல்டில் குடித்தனம் வைத்தாள், இப்போது அவளே எட்டு மாதம். இத்தனை வருஷத்தில் ஒரு பெரிய வெள்ளிகூட அவர் வாயிலிருந்து ஒரு சொல் விழுந்ததில்லை. லிங்கராஜபுரம் பங்குக் கோயிலில் இது எல்லாருக்கும் தெரியும். சின்ன வயதில் அன்னா அவர் உள்ளங்காலில் துடைப்பக்குச்சியை வைத்துக் கிச்சுக்கிச்சு மூட்டிப் பார்த்திருக்கிறாள். மனிதர் சிரிப்பைக் கூடச் சத்தமில்லாமல்தான் சிரித்தார்.

ஆகையால், சிலுவைப்பாதை ஊர்வலத்துக்குப் போய்விட்டு வந்து அவர் கட்டிலில் உட்கார்ந்தபோது, பெர்னதெத் வழக்கம்போல இருவருக்கும் சேர்த்துத் தானே பேசிக்கொண்டாள்.

"வெயில் ஜாஸ்தியா? இருக்கும், இருக்கும். தலையில ஒரு துண்டு போட்டுக்கிட்டுப் போங்கன்னு சொன்னா கேட்டாத்தானே. கஞ்சி ஊத்தட்டுமா?"

அவர் தலையை ஆட்டவில்லை. மற்ற வருஷங்களில் கை ஜாடையாவது காட்டுவார். அதையும் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அதற்கு அவளுக்கு நேரமும் இல்லை. கீழே அவர்கள் குடியிருந்தார்கள். மேலே இரண்டு மாடியும் வேலைக்குப் போகும் பெண்களுக்கான பி.ஜி. விடுதி. காலையிலிருந்து மேலே தண்ணீர் ஏறவில்லை. மோட்டார் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. லீவு நாள் என்று பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் துணி ஊறவைத்திருந்தார்கள்.

கஞ்சிக் கிண்ணத்தை அவர் கையில் கொடுத்தாள். கிண்ணம் சாய்ந்தது. வேட்டி, கட்டில் விரிப்பு, தரை எங்கும் கஞ்சி.

"அட சேசுவே! வாய்க்குத்தான் நோன்பு, கைக்குமா நோன்பு?" என்று கத்தினாள். துணியை எடுத்துவந்து துடைத்தாள். அவர் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஏதோ இருந்தது. என்ன என்று நின்று பார்ப்பதற்குள் மேலேயிருந்து சோஃபியா என்கிற பெண், "ஆன்ட்டி! சோப்புப் போட்டுட்டு நிக்கிறேன் ஆன்ட்டி!" என்று அலறினாள்.

"காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல, அதான் கை நடுங்குது. படுங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள். தரைக்கடியில் இருந்த சம்ப் தொட்டியைத் திறந்தாள், பிளம்பருக்குப் போன் போட்டாள், அவன் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து ஹோஸ் பைப் வாங்கி இரண்டு டிரம் நிரப்பினாள். இப்படியே ஒரு மணி நேரம் போயிற்று.

திரும்பி வந்தபோது ரெமிஜியஸ் சுவரோடு ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தார். வாயின் வலது ஓரம் கீழே இழுத்திருந்தது. அங்கே எச்சில் வழிந்திருந்தது.

"ஏங்க."

கண் அவளைப் பார்த்தது.

"ஏங்க, பேசுங்க. போதும், நேர்ச்சையும் வேணாம் ஒண்ணும் வேணாம். ஆண்டவர் மன்னிப்பார். என் பேரைச் சொல்லுங்க."

அவர் வாய் திறந்தார். நெற்றி நரம்பு புடைத்தது. "ஆ" என்று ஒரு காற்று வந்தது. மறுபடியும் "ஆ". அவர் பேசாமல் இருக்கவில்லை, பேசத்தான் பார்க்கிறார், எப்போதிலிருந்தோ பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அப்போதுதான் பெர்னதெத்துக்கு உறைத்தது.

மூன்று வீடு தள்ளி இருக்கும் கிளெமென்ட்டைக் கூப்பிட்டாள். வைட்ஃபீல்ட் கம்பெனி ஒன்றுக்கு ஷட்டில் வண்டி ஓட்டுகிறவன் அவன். ரெமிஜியஸுக்குத் உறவு முறை இல்லாத தம்பி. இருவரும் பாடல் குழுவில் ஒன்றாக நிற்பவர்கள். வண்டியை வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தினான். சோஃபியாவும் இன்னொரு பெண்ணும் ஈரத் துணியோடு ஓடிவந்து காலைப் பிடித்தார்கள். லீவு நாள் ஆனதால் ரோடு காலியாக இருந்தது. இருந்தும் ஒவ்வொரு சிக்னலிலும் பெர்னதெத் முன்சீட்டைக் கையால் அடித்தாள்.

"போடா, சிவப்பா இருந்தா என்ன, போ!"

"போறேன்க்கா, போறேன்."

அதைத் தவிர வழி முழுக்க கிளெமென்ட் ஒன்றும் பேசவில்லை. அவன் வாயாடி. கண்ணாடியில் ரெமிஜியஸைப் பார்ப்பதும், எதையோ விழுங்குவதுமாக இருந்தான். பயந்துவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி எமர்ஜென்சியில் சட்டென்று ஆள் வந்தார்கள். மௌரீன் என்ற நர்ஸ் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தாள், இன்னொருவர் பிரஷர் பார்த்தார், ஸ்ட்ரெச்சர் ஸ்கேனுக்குப் போனது, வந்தது. கிளெமென்ட்டைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே செக்யூரிட்டி தடுத்துவிட்டான். "ஒப்ரு மாத்ரா, ஒப்ரு மாத்ரா" என்று ஒற்றை விரலைக் காட்டினான். நோயாளியோடு ஒருவர்தான் இருக்கலாம்.

டாக்டர் பெயர் மகா. அன்னா வயதுதான் இருக்கும். நின்றபடியே பேசினாள்.

"அம்மா, ஸ்ட்ரோக். மூளையோட இடது பக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோற குழாய்ல கட்டி அடைச்சிருக்கு. அதான் வலது கை கால் வரல, பேச்சும் வரல. ஸ்கேன்ல ரத்தக்கசிவு இல்ல, நல்ல விஷயம். கட்டியைக் கரைக்க ஊசி இருக்கு. அதுக்கு ஒண்ணு எனக்குத் தெரியணும். கடைசியா இவர் நல்லா இருந்ததை எப்போ பார்த்தீங்க?"

"பன்னெண்டரைக்குக் கஞ்சியைக் கொட்டிட்டார்."

"அப்பவே வந்திருக்கு. அதுக்கு முன்னாடி? நல்லாப் பேசினது எப்போ?"

பெர்னதெத் காலையிலிருந்து நடந்ததை ஒவ்வொன்றாகப் பின்னோக்கி எண்ணிப் பார்த்தாள்.

"நேத்து ராத்திரி" என்றாள்.

டாக்டர் மகா எழுதிக்கொண்டிருந்த பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டாள். "காலையில பேசவே இல்லையா? எந்திரிச்சு ஒரு காபி கூடக் கேக்கலையா?"

பெர்னதெத் நேர்ச்சையைப் பற்றிச் சொன்னாள். சொல்லும்போதே அது அந்த வெள்ளை விளக்கின் கீழே எவ்வளவு விசித்திரமாகக் கேட்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. மௌரீன் மட்டும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ஆனா காலையில நடந்து போனார் டாக்டர். ஊர்வலத்துக்கு. தானே சட்டை மாட்டிக்கிட்டார்."

"நடை சரியா இருந்து பேச்சு மட்டும் முதல்ல போயிருக்கலாம். அவர் பேசாததால அது யாருக்கும் தெரியாமப் போயிருக்கும். தூக்கத்துலயே கூட வந்திருக்கலாம்." குரலைத் தாழ்த்தினாள். "நாலரை மணி நேரத்துக்குள்ளதான் அந்த ஊசி. நேத்து ராத்திரின்னு எழுதினா என்னால போட முடியாது. நேரம் தவறினா செத்துப்போன இடத்துக்குள்ள ரத்தம் பாய்ஞ்சு கசிஞ்சிடும், உயிருக்கே ஆபத்து. எம்.ஆர்.ஐ. எடுத்தா எவ்வளவு நேரமாச்சுன்னு ஓரளவு கண்டுபிடிக்கலாம். இங்க மெஷின் ரிப்பேர். வேற ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பணும். இப்பவே பேசிட்டிருக்காங்க."

"அனுப்புங்களேன். எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஆம்புலன்ஸ், அங்க போய், மெஷின் காலியாகி... ஒண்ணரை மணியாவது."

"அதுவரைக்கும் உள்ள என்ன ஆகும்?"

சொல்லலாமா வேண்டாமா என்று டாக்டர் யோசிப்பது தெரிந்தது.

"வீட்டுல சம்ப் இருக்கா?"

"காலையில இருந்து அதோடதான் மல்லுக்கட்டிட்டிருக்கேன்."

"மழைக்காலத்துல பேஸ்மென்ட்ல தண்ணி ஊறும், இல்லையா? மோட்டார் இறைச்சு வெளிய விட்டுட்டே இருக்கும். மூளையில ஒவ்வொரு செல்லும் அப்படித்தான். உப்பும் தண்ணியும் உள்ள வராம ஒரு பம்ப் ராப்பகலா ஓடிட்டே இருக்கு. அதுக்குக் கரென்ட் ரத்தத்துல வர்ற ஆக்சிஜன். ரத்தம் நின்னா பம்ப் நிக்கும். உப்பு உள்ள வரும், பின்னாலயே தண்ணி வரும், செல் உப்பி வெடிக்கும். வெடிக்கும்போது அதுக்குள்ள இருக்கிற ரசாயனம் பக்கத்துச் செல் மேல கொட்டும். அது அதையும் கெடுக்கும். அடைப்புக்கு நடுவுல இருக்கிற இடம் அஞ்சு பத்து நிமிஷத்துல போயிடும். அதை எந்த ஊசியாலும் மீட்க முடியாது."

"மிச்சம்?"

"சுத்தி இருக்கிற இடம் சாகல. வேலையை நிறுத்திட்டு, பக்கத்துக் குழாய்ல கசியிற கொஞ்ச ரத்தத்துல உயிரைப் பிடிச்சிட்டிருக்கு. அவர் பேச்சுல பாதி அங்கதான் இருக்குன்னு வெச்சுக்குங்க. அதுவும் நிமிஷத்துக்குச் சுமார் இருபது லட்சம் செல்லாப் போயிட்டிருக்கு."

பெர்னதெத்தால் உட்கார முடியவில்லை. நின்றாள், நடந்தாள், ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்தாள், விட்டாள். கஞ்சி கொட்டியதிலிருந்து அவள் ஹோஸ் பைப்போடு அலைந்த அந்த ஒரு மணி நேரத்தை மனம் தானாகவே நிமிஷத்துக்கு இருபது லட்சமாகப் பெருக்கப் பார்த்தது. வேண்டாம், வேண்டாம் என்று அதை அடக்கினாள். அவர் தலைக்குள் வீடு வீடாக விளக்கு அணைந்துகொண்டு வருவதுபோல் இருந்தது. எந்த வீட்டில் அவள் பெயர் இருக்கிறதோ, எந்த வீட்டில் அன்னாவின் பெயர் இருக்கிறதோ. ரெமிஜியஸின் இடது கை மட்டும் விரிப்பைப் பிசைந்துகொண்டே இருந்தது.

பையில் போன் அடித்தது. அன்னா. எடுக்கவில்லை. எட்டு மாதக்காரியிடம் என்னவென்று சொல்வது?

கண்ணாடிக் கதவுப் பக்கம் சத்தம் கேட்டது. செக்யூரிட்டியின் கைக்கு அடியில் புகுந்து கிளெமென்ட் உள்ளே வந்துவிட்டான். பின்னாலேயே செக்யூரிட்டியும் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"அக்கா, ஆம்புலன்ஸ்ன்றாங்க, ஏங்க்கா? ஊசி போடலயா?"

"நேத்து ராத்திரிக்கு அப்புறம் அவர் பேசவே இல்லையேடா. எப்ப வந்துச்சுன்னு தெரியாம போட முடியாதாம்."

கிளெமென்ட் சட்டையை விடுவித்துக்கொண்டான். தரையைப் பார்த்தான், ரெமிஜியஸைப் பார்த்தான்.

"அண்ணே, மன்னிச்சுக்க" என்றான் ஸ்ட்ரெச்சரைப் பார்த்து. பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, "பேசினாரு மேடம். காலையில பேசினாரு" என்றான்.

"பேசமாட்டார்" என்றாள் பெர்னதெத். யோசிக்காமல் வந்தது அது.

"பேசினாருக்கா. பன்னெண்டாம் ஸ்தலம் முடிஞ்சு திரும்புறோம். கிராஸ் ரோட்டுல இருந்து ஒருத்தன் ஸ்கூட்டர்ல சர்ருனு உள்ள வந்துட்டான். சரசு அம்மாவோட பேத்தி மெழுகுத்திரி பிடிச்சிட்டு நடுவுல நிக்குது. இடிச்சிருப்பான். அண்ணன்தான் பாய்ஞ்சு புள்ளையை இழுத்தாரு. இழுத்துட்டுக் கத்திட்டாரு."

டாக்டர் முன்னால் வந்தாள். "என்ன கத்தினார்? அப்படியே சொல்லுங்க. குழறிச்சா, தெளிவா இருந்துச்சா?"

கிளெமென்ட் மௌரீனைப் பார்த்தான், பெர்னதெத்தைப் பார்த்தான். "அதைப் போய் எப்படி மேடம் இங்க..."

"சொல்லுடா!" என்றாள் பெர்னதெத்.

"'டேய் சாவுகிராக்கி, கண்ணை என்ன முதுகுலயா வெச்சிருக்க? நோட்கொண்டு ஓட்சோ, பாத்து ஓட்டுடா, இது நிம்ம அப்பன் ரோடா'ன்னாரு."

மௌரீன் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் மகா சிரிக்கவில்லை. ஆனால் அவள் கண் மாறிவிட்டது. "தமிழ்லயும் கன்னடத்துலயும்?"

"அவர் எப்பவும் அப்படித்தான் மேடம், கோபம் வந்தா மாறி மாறி வரும். அப்புறமும் பேசினாரு. என் தோளைப் பிடிச்சு, 'கிளெமென்ட், பெர்னிகிட்ட சொல்லிடாதடா. பொண்ணு மாசமா இருக்கிற நேரம், இவ பயந்து சாவா'ன்னாரு. கூட இருந்த ஆம்பளைங்க எல்லாரையும் சத்தியம் பண்ண வெச்சாரு. சிலுவை மேல கை வெச்சுச் சத்தியம் பண்ணோம்."

"மணி என்ன அப்போ?"

"கரெக்டாத் தெரியும். அவர் கத்தும்போதுதான் கம்பெனி டிரான்ஸ்போர்ட்ல இருந்து கால் வந்துச்சு, கட் பண்ணேன்." போனை நீட்டினான். பத்து ஐம்பது.

டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டே கால் தாண்டியிருந்தது.

"அம்மா, இவர் சொல்றது நிஜம்னா நேரம் இருக்கு. ஒரு மணி நேரம். ஆனா நீங்க ஒண்ணு சொல்றீங்க, இவர் ஒண்ணு சொல்றார். நூறு பேருக்கு இந்த ஊசியைப் போட்டா அஞ்சாறு பேருக்கு மூளைக்குள்ள ரத்தம் கசியும். நேரம் தப்பா இருந்தா அதுக்கு மேலயே. சம்மதக் கையெழுத்து நீங்கதான் போடணும். இவரை நம்புறீங்களா?"

பெர்னதெத் கிளெமென்ட்டைப் பார்த்தாள். ரெண்டு நிமிஷத்தில் வருகிறேன் என்று சொல்லி அரைமணி கழித்து வருகிற கிளெமென்ட். அவனை எத்தனை முறை பொய்யன் என்று திட்டியிருக்கிறாள். அண்ணன் பிழைக்கவேண்டும் என்ற ஆசையில் இப்போது இதையும் கட்டிச் சொல்கிறானோ? போனில் கால் வந்ததற்குத்தான் சாட்சி இருக்கிறது, பேச்சுக்கு இல்லை.

அவளுக்குள் இன்னொன்றும் கிடந்து அடித்துக்கொண்டது. நேர்ச்சை உடைந்துவிட்டது. எந்தப் பிள்ளைக்காக நேர்ந்தாரோ அந்தப் பிள்ளை வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கிற வருஷத்தில் உடைந்துவிட்டது. உடைத்த இரண்டு மணி நேரத்துக்குள் வாயே போய்விட்டது. கிளெமென்ட் சொல்வது உண்மை என்று ஒப்புக்கொண்டால் இதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். பேசவே இல்லை என்றால் நேர்ச்சை முழுசாக இருக்கும். அவர் தலைக்குள் மட்டும் எல்லாம் அணைந்துபோகும்.

"அந்தப் புள்ளைக்கு ஏதாவது ஆச்சா?" என்று கேட்டாள்.

"எந்தப் புள்ளைக்கா?"

"சரசு பேத்திக்கு."

"ஒண்ணும் ஆகல. மெழுகுத்திரிதான் உடைஞ்சுது. அழுதுச்சு, ஐஸ்கிரீம் வாங்கித் தர்றேன்னாரு. அதுவும் பேசித்தான் சொன்னாரு. அன்னா சின்னதுல இப்படித்தான் அழுவா, மூக்கு முதல்ல சிவக்கும்னாரு."

இதைக் கிளெமென்ட் கட்டிச் சொல்ல முடியாது. அன்னா கைப்பிள்ளையாக இருந்தபோது அவன் சேலத்தில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அன்னாவின் மூக்கு முதலில் சிவப்பது வீட்டுக்குள் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

"குடுங்க" என்று டாக்டரிடம் கை நீட்டினாள். கையெழுத்து கோணலாக விழுந்தது. "பத்து அம்பதுன்னு எழுதிக்குங்க. பேசினார். நல்லாவே பேசியிருக்கார்."

அதற்கு மேல் எல்லாம் வேகம். ஊசி ஒரே தள்ளலில் உள்ளே போனது. இதற்கா இத்தனை என்று தோன்றுமளவுக்குச் சின்ன ஊசி. அவளை வெளியே அனுப்பினார்கள். கிளெமென்ட் தூணோரம் நின்றான். கிட்ட வரப் பயந்தான்.

"வண்டியிலயே சொல்லியிருக்கலாம்லடா" என்றாள்.

"சத்தியம் பண்ணிட்டேனேக்கா. உனக்குத் தெரிஞ்சா அண்ணன் மனசு கஷ்டப்படுமேன்னு இருந்துட்டேன். பேச்சு எப்ப நின்னுச்சுன்றதுதான் கேள்வின்னு எனக்கு எப்படித் தெரியும்?" அவன் அழ ஆரம்பித்தான். "சத்தியத்தை மீறிட்டேன். பெரிய வெள்ளியும் அதுவுமா."

"இன்னிக்கு யார்தான் மீறல" என்றாள் அவள். அவளுக்கு அழுகை வரவில்லை. நடைபாதையில் தண்ணீர் மெஷினிலிருந்து லிஃப்ட் வரைக்கும், லிஃப்டிலிருந்து தண்ணீர் மெஷின் வரைக்கும் நடந்தாள். உள்ளே குழாய் திறந்ததா, இல்லை கசிகிறதா என்று யாரும் வந்து சொல்லவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் நின்றாள். வேறு யாருக்கோ திறந்தது. அன்னாவின் போன் இன்னும் இரண்டு முறை வந்து நின்றது.

சாயங்காலம் வெயில் இறங்கும் நேரத்தில் மௌரீன் வந்து கூப்பிட்டாள். "வாங்க ஆன்ட்டி. கசிவு இல்ல."

டாக்டர் மகா கட்டிலருகே நின்றிருந்தாள். "காலைத் தூக்குங்க அங்கிள்" என்றாள். வலது கால் படுக்கையை விட்டு ஒரு சாண் எழுந்து விழுந்தது. "கை?" விரல்கள் மட்டும் மடங்கின. மதியம் அதுவும் இல்லை.

"கொஞ்சம் மீட்டிருக்கோம் அம்மா. எவ்வளவு போச்சு, எவ்வளவு நிக்குதுன்னு இன்னிக்குச் சொல்ல முடியாது. வாரக்கணக்கா ஆகும். பேச்சுதான் மெதுவா வரும். நீங்க பேசிட்டே இருங்க."

டாக்டர் போனதும் பெர்னதெத் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் அவளையே பார்த்தார்.

"திருட்டு மனுஷன். என்கிட்டயா மறைக்கிறீங்க? கிளெமென்ட் எல்லாம் சொல்லிட்டான்."

அவர் உதடு அசைந்தது. நெற்றி சுருங்கியது. எங்கோ ஆழத்திலிருந்து இழுத்து மேலே கொண்டுவந்தார்.

"இல்ல" என்றார்.

பெர்னதெத் எழுந்தே விட்டாள். கொஞ்சம் குழறல், ஆனால் சொல்தான். "பேசுறீங்க! ஏங்க, பேச முடியுதா?"

"இல்ல."

சிரிப்பு பீறிட்டு வந்தது அவளுக்கு, கண்ணிலும் தண்ணீர் வந்தது. கையைப் பிடித்துக்கொண்டாள். "வலிக்குதா?"

"இல்ல."

"தண்ணி வேணுமா?"

"இல்ல." சொல்லும்போதே அவர் கண் மேசையிலிருந்த தண்ணீர் டம்ளரிடம் போனது. இடது கை அதற்காக நீண்டது.

அவள் சிரிப்பு நின்றது. மௌரீனைக் கேட்டுவிட்டு, பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தாள். அவர் உறிஞ்சினார். எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான் கைக்குக் கிடைக்கிறது போலிருக்கிறது. மற்றவையெல்லாம் உள்ளே எங்கேயோ இருக்கின்றனவா, போய்விட்டனவா?

போன் மறுபடியும் அடித்தது. இந்தத் தடவை எடுக்காமல் இருக்க முடியாது. திரையை அவருக்குக் காட்டினாள்.

"அன்னா. நடந்ததையெல்லாம் சொல்லிடட்டுமா?"

"இல்ல" என்றார் ரெமிஜியஸ்.

பெர்னதெத் அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். வேண்டாம் என்கிறாரா, வருகிற சொல் அது ஒன்றுதானா, பிடிபடவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் இடது கை மெதுவாக எழுந்து, அவள் கையிலிருந்த போனைத் தொட்டு, அவள் காதுப் பக்கம் தள்ளியது.

"அன்னா" என்றாள் பெர்னதெத், "முதல்ல உக்காரு. உக்காந்துட்டியா?"